மைனருக்கு டிஸ்க் பிரேக் போடலாமா?

போன வருஷக் கடைசி மழையில், ஹந்தானையிலிருந்து கண்டிக்கு இறங்கி வரும்போது, எங்கள் மொரிஸ் மைனரின் பிரேக் பெடல் சத்தமில்லாமல் தரையைத் தொட்டது. திரும்பத் திரும்ப மிதித்தேன். ஒன்றும் பிடிக்கவில்லை. பக்கத்தில் அம்மா. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இழுத்து, ஹேண்ட் பிரேக்கைக் கை வலிக்க மேலே தூக்கி, மண்மேட்டுப் பக்கமாக ஒதுக்கினேன். முன்சக்கரம் கானுக்குள் இறங்கி வண்டி நின்றது.

"ஏன் இங்க நிப்பாட்டுன? கடை ஒன்னும் இல்லையே" என்று அம்மா கேட்டார். டயரில் காத்துக் கொறைஞ்ச மாதிரி இருக்கு என்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன்.

வண்டி 1960ஆம் ஆண்டு மைனர் 1000. 948 சிசி எஞ்சின். தாத்தா 1979இல் வாங்கியது. 1970 முதல் 77 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. அந்தக் காலத்தில் பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருந்தவர்கள் அதைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். 77க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்து இறங்கத் தொடங்கியதும், கலஹாப் பக்கத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவர் தன் மைனரைக் கொடுத்துவிட்டார். பேராதனையில் சின்னக் கடை வைத்திருந்த தாத்தாவுக்குக் கார் எட்டியது அப்படித்தான். அப்பா அதில் ஓட்டப் பழகினார். நானும் அதில்தான். அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு ஓட்டுவது நான் மட்டும்.

கராஜ் நானா சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். முன்சக்கர சிலிண்டர் ஒன்றின் ரப்பர் கிழிந்து பிரேக் ஒயில் முழுக்க ஒழுகியிருந்தது. "ஒரு சக்கரத்துல ஒழுகினா நாலும் போயிரும் தங்கச்சி. இதுல ஒரே வழிதான்" என்றார். மைனரில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே ஒயில் வழி. எங்கே ஓட்டை விழுந்தாலும் பெடலில் ஒன்றும் மிஞ்சாது. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது கேபிளில் தனியாக ஓடும் ஹேண்ட் பிரேக்தான். அந்த மாஸ்டர் சிலிண்டரும் ஓட்டுபவரின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கிறது. ஒயில் இருக்கிறதா என்று பார்க்கக் கார்ப்பெட்டைத் தூக்க வேண்டும். யார் அடிக்கடி தூக்குகிறார்கள்?

நானா மூன்று வழி சொன்னார். ஒன்று, புது ரப்பர் போட்டுப் பழையபடியே விடுவது. இரண்டு, முன்னால் டிஸ்க் பிரேக், கூடவே இரண்டு வழி மாஸ்டர் சிலிண்டர். மூன்று, "செய்யிறதுன்னா முழுசா செய்வோம்": நிசான் எஞ்சின், ஐந்து கியர், எல்லாம். கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர வேண்டியதில்லை.

அப்பாவின் பதில் ஒரே வரி: "ஒரு நட்டும் மாத்தக்கூடாது."

அப்பா பிடிவாதக்காரர் இல்லை. ஆனால் 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார் தேடி வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "ஒரிஜினலா அங்கிள்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். ஆமா என்று சொல்வது அவருக்கு ஒரு கௌரவம் ஆகிவிட்டது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்து, எதெல்லாம் உண்மையில் ஒரிஜினல் என்று எழுதத் தொடங்கினேன்.

சீட் உறை கண்டி டவுனில் தைத்தது. வயரிங் இரண்டு தடவை மாறியிருக்கிறது. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்ட பிறகு வால்வ் சீட் மாற்றியிருக்கிறோம். கதவுக்குப் பின்னால் தூணிலிருந்து வெளியே நீளுமே ஒரு சின்னக் கை, அந்தக் காலத்துச் சிக்னல், அது இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அதைப் பார்த்து எந்த முச்சக்கரவண்டியும் நிற்காது என்பதால் மின்னும் லைட்டும் போட்டிருக்கிறோம். இடது பக்க முன் மட்காட் இலங்கையில் அடித்த தகடு. அதைப் பற்றி அப்பாவுக்குக் கொஞ்சம் வெட்கம். ஆனால் இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வேர் நடத்திய மொரிஸ் மைனர் சென்டருக்கே 1990களில் தகடுகள் இலங்கையிலிருந்துதான் போயின. அங்கே எத்தனையோ 'ஒரிஜினல்' மைனர்கள் நம்ம ஊர்க்காரர் அடித்த தகட்டோடு ஓடுகின்றன.

இன்னும் தோண்டினால் தொழிற்சாலையே இந்தக் காரை ஒரே மாதிரி விட்டு வைக்கவில்லை. 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு முன்னால், மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கிறதென்று வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸுக்குத் தோன்றியது. அதை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, நகர்த்தி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். பொனட் நடுவில் ஓடும் அந்த மேடு அப்படி வந்ததுதான். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன் பிரேக் ட்ரம்மை ஏழு அங்குலத்திலிருந்து எட்டாக்கினார்கள். எங்களுடையது ஏழு. அதாவது, இந்த பிரேக் போதாது என்று செய்தவர்களே இரண்டு வருஷத்தில் முடிவெடுத்துவிட்டார்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகும் மூன்றாவது வழிக்கு என் மனம் போகவில்லை. நிசான் எஞ்சின் வைக்க உள்ளே வெட்ட வேண்டும், வெல்ட் பண்ண வேண்டும், புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் மாறும். பழைய எஞ்சின் எங்கேயோ ஒரு மூலையில் துருப்பிடித்துப் போகும். பிறகு யாராவது திரும்பக் கொண்டுவர நினைத்தாலும் வழி இல்லை. டிஸ்க் பிரேக் அப்படி இல்லை. இங்கிலாந்தில் விற்கும் கிட்டைப் பெரிய வெட்டுக்குத்து இல்லாமல் மாட்டலாம், கழற்றவும் செய்யலாம். பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவா 2013இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்கிறது: மாற்றினால் திருப்பக்கூடியதாக மாற்று, என்ன செய்தாய் என்று எழுதி வை.

ஆனால் எனக்குத் தெளிவு வந்தது நம்பர் பிளேட்டால்.

எங்கள் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' இருக்கிறது. ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக அது வந்தது. 1958 மார்ச்சில் ஸ்ரீ போட்ட அரச பஸ்கள் வடக்குக்குப் போனதும் தமிழரசுக் கட்சி எதிர்ப்பில் இறங்கியது. சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மேல் தார் பூசினார்கள். கிளர்ச்சி மலையகத்துக்கும் வந்தது. பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் நம்ம ஆட்கள் செத்தார்கள். ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கலவரம்.

தாத்தா அப்போது இளவட்டம். கார் வாங்கிய பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வண்டியைத் துடைப்பாராம். பம்பர், லைட், கண்ணாடி எல்லாம் பளபளக்கும். நம்பர் பிளேட்டில் மட்டும் துணியை வைக்க மாட்டார். "மழை கழுவிக்கும்" என்பாராம். போன மாதம் கொழும்பிலிருந்து வந்த ஒருத்தர் அதே தகட்டைத் தடவிப் பார்த்து, "இதை மட்டும் மாத்திடாதீங்க, இந்த ஸ்ரீக்குத்தான் மதிப்பே" என்றார். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரிஜினல் என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. அப்படித்தான் இருந்தது என்று மட்டும்தான் அர்த்தம். அந்தத் தகடு அப்படியே இருக்கட்டும். அழகுக்காகவோ விலைக்காகவோ இல்லை. நடந்தது நடந்ததென்று அது சொல்லிக்கொண்டிருக்கும், யாரையும் கொல்லாது. பிரேக் அப்படி இல்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் போதாததாக இருந்த ஒன்றை மரியாதைக்காக வைத்துக்கொண்டு, அம்மாவை ஏற்றி ஹந்தானையில் இறங்க என்னால் முடியாது.

இதை அப்பாவிடம் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பொய்யையும் உடைக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். பெடல் போனது, கான், டயர்க் கதை, எல்லாம். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா வண்டியில இருந்தாளா?" என்று மட்டும் கேட்டார். இருந்தாங்க என்றேன். எழும்பிப் போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் எனக்கு முன்னால் ரெடியாகி நின்றார். நானாவிடம் போய், "ரெண்டு வழி சிலிண்டரும் போட்டுருங்க. எஞ்சின்ல கை வைக்க வேணாம்" என்றார். கிட் வந்து சேர்ந்து, பழைய ட்ரம்களைக் கழற்றிய அன்றைக்குக் கிரீஸ் துடைத்துச் சாக்கில் கட்டினார். திகதி எழுதிய துண்டு ஒன்றை அதற்குள் வைத்தார். இப்போது அந்தச் சாக்கு தாத்தாவின் பழைய அலுமாரிக்குக் கீழே இருக்கிறது. யாராவது என்றைக்காவது திரும்ப மாட்ட நினைத்தால் மாட்டலாம்.

போன சனிக்கிழமை மூன்று பேருமாக ஹந்தானை போய் வந்தோம். ஏற்றத்தில் வழக்கம்போல ஊர்ந்தோம். பின்னால் வந்த வேன் ஹோன் அடித்தே களைத்துப் போனான். இறக்கத்தில், முன்பு கானுக்குள் விழுந்த இடத்தில், வேண்டுமென்றே மிதித்துப் பார்த்தேன். பெடல் பாதியில் நின்றது, வண்டியும் நின்றது.

"ஏன் இங்க நிப்பாட்டுன?" என்றார் அம்மா.

பின்சீட்டிலிருந்து அப்பா சொன்னார், "சும்மா. பிரேக் பாக்குறா."