பெர்க்லி சதுக்கத்து 45ஆம் எண் வீடு

லண்டன் மாநகரில் நம்மவர் அவசியம் காண வேண்டிய வீடு ஒன்று உண்டு. அது மேஃபேர் பகுதியில், பெர்க்லி சதுக்கத்தின் மேற்கு வரிசையில் நிற்கிறது, எண் 45. அரண்மனையன்று, இருபுறமும் அண்டை வீடுகளோடு சுவர் ஒட்டி நிற்கும் வரிசை வீடுதான். ராபர்ட் கிளைவ் 1761 முதல் வாழ்ந்து, 1774 நவம்பர் 22ஆம் நாள் உயிர் நீத்தது இவ்வீட்டிலேயே.

சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரம் எங்கே, பெர்க்லி சதுக்கம் எங்கே என்று அன்பர்கள் வினவலாம். பாலசமுத்திரம் இன்று ஆந்திர மாநிலத்தில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன், அந்தப் பகுதி வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கும் முன்பு ஆற்காட்டு நவாபின் சீமை. பாலசமுத்திரத்துக்குத் தெற்கே உள்ள அந்த ஆற்காட்டுக் கோட்டையை 1751இல் ஒரு சிறு படையுடன் கைப்பற்றி, ஐம்பது நாட்களுக்கு மேல் முற்றுகையைத் தாங்கி நின்றதனால்தான் கிளைவின் பெயர் இங்கிலாந்தில் பரவியது. ஆற்காடு தந்தது புகழ்; பொருள் தந்தது வங்காளம். 1757இல் பிளாசிப் போருக்குப் பின் மீர் ஜாபர் அவருக்கு அளித்தது 2,34,000 பவுன். பின்னர் கிடைத்த ஜாகீர் ஆண்டுதோறும் ஏறக்குறைய 27,000 பவுன் ஈட்டித் தந்தது. அச்செல்வத்தோடு திரும்பியவர் குடிபுகுந்த மனை இது.

நாம் தெருவில் நின்றே வீட்டைக் கண்டோம். 1740களில் எழுந்த கட்டடம். முகப்பு கல்லால் ஆனது. கிளைவுக்காக 1760களில் இதில் மாற்றங்கள் செய்தவர் அக்காலத்துப் பெருஞ்சிற்பி சர் வில்லியம் சேம்பர்ஸ். சதுக்கத்தின் நடுவே நிழல் பரப்பும் பிளேன் மரங்கள் 1789இல் நடப்பட்டவை. கிளைவ் அவற்றைக் கண்டதில்லை.

1714 முதல் 1830 வரை ஜார்ஜ் என்னும் பெயருடைய அரசர் நால்வர் அடுத்தடுத்து ஆண்டனர். அக்காலத்து வீடுகளை ஜார்ஜியன் வீடுகள் என்பர். அவற்றின் அமைதியான தோற்றத்துக்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று. தீயச்சமும் ஒரு காரணம். 1666இல் பெருந்தீ லண்டனை அழித்தபின், வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்ட வேண்டுமென்று சட்டம் வந்தது. 1707ஆம் ஆண்டுச் சட்டம் கூரையோரத்து மர வேலைப்பாட்டைத் தடுத்தது. 1709ஆம் ஆண்டுச் சட்டம் சன்னற்சட்டங்களைச் சுவரின் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னது. கிளைவ் மறைந்த அதே 1774இல் வந்த சட்டம் வீடுகளை நான்கு தரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சுவரின் கனத்தை வரையறுத்தது. ஒருவன் வீட்டில் பற்றிய தீ அடுத்தவன் வீட்டுக்குப் பரவாமல் காப்பது பொதுச் சுவரின் கடமை.

இத்தகைய வீடுகளில் தளங்களுக்கும் ஒரு வரிசைமுறை இருந்தது. தெருமட்டத்துக்குக் கீழே சமையலறை. நடைபாதையின் அடியில் நிலக்கரி அறை. தரைத்தளத்தில் உணவுக்கூடம். முதல் மாடியில் விருந்தினரை வரவேற்கும் கூடம். மிக உயர்ந்த சன்னல்கள் அங்கேதான். மேலே செல்லச் செல்லச் சன்னல்கள் சிறுத்துவிடும். கூரையடியில் பணியாளர் உறங்குவர். சன்னல்களை எண்ணியும் அரசு வரி வாங்கியது. 1696இல் தோன்றிய அவ்வரி 1851இல்தான் நீங்கியது.

சுவரொட்டிய வீடு நமக்குப் புதிதன்று. நம் ஊர்த் தெருக்களிலும் வீடுகள் தோளோடு தோள் நிற்பதுண்டு. ஆனால் அங்கே திண்ணை தெருவை நோக்கி வழிப்போக்கனை அழைக்கும். இங்கே இரும்புக் கிராதியும் பள்ளமும் அவனைத் தள்ளி நிறுத்தும். இன்று ஈஸ்ட்ஹாமிலும் பிற இடங்களிலும் நம் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகள் இந்த ஜார்ஜியன் வீடுகளுக்குப் பின்வந்த வழித்தோன்றல்கள். அண்டை வீட்டாரோடு பொதுச் சுவரைப் பகிரும் முறை அவற்றிலும் தொடர்கிறது.

கிளைவின் வீட்டில் 1953இல் லண்டன் கவுண்டி கவுன்சில் ஒரு நினைவுப் பலகை பதித்தது. அவரைப் படைவீரர், நிர்வாகி என்று அது கூறுகிறது, பொய்யில்லை. ஆயினும் அந்த நிர்வாகத்தின் கீழ் வங்காளம் என்னவாயிற்று என்று பலகை கூறவில்லை. 1765இல் கிளைவ் கம்பெனிக்காக வங்காளத்தின் வரி வாங்கும் உரிமையைப் பெற்றார். ஐந்தாண்டுகளுக்குள் கொடும் பஞ்சம் வந்தது. மழை பொய்த்த அக்காலத்திலும் வரித்தண்டல் ஓயவில்லை. 1773இல் பாராளுமன்றமே கிளைவின் செல்வத்தைப் பற்றி வாதிட்டது. இறுதியில் அவர் தம் நாட்டுக்குப் பெருந்தொண்டு ஆற்றினார் என்றும் தீர்மானித்தது. 1801இல் ஆற்காட்டுச் சீமையும் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து இத்தகைய வீடுகளைக் காணச் செல்கிறார்கள். நாம் அவர்களுக்குப் பகையை ஊட்ட வேண்டியதில்லை. அக்கட்டடத்தின் ஒழுங்கையும், தீயைத் தடுக்கச் சட்டம் செய்தோரின் அறிவையும் அவர்கள் வியக்கட்டும். பலகை சொல்லாமல் விட்ட பாதியைப் பெற்றோராகிய நாம் சொல்லிவைப்போம். ஒரு விடுமுறை நாளில் கிரீன் பார்க் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் போதும். வீட்டைக் காணக் கட்டணம் ஏதுமில்லை.