கதவிடுக்கில் நாலு மில்லி

பழைய காரைப் பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் பெயிண்ட் மேல்தான் போகும். கையால் தடவிப் பார்த்து, முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்து, "நல்லா செஞ்சிருக்காங்க" என்பார்கள். எங்கள் பட்டறையில் காரை அப்படிப் பார்க்கக் கூடாது. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். பக்கவாட்டில் நாலடி தள்ளி நின்று, கதவுக்கும் பின்னாலுள்ள தூணுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஓடும் கறுப்புக் கோட்டைப் பார்க்க வேண்டும். அது ஒரே அகலத்தில் இறங்குகிறதா, மேலே ஒடுங்கிக் கீழே அகலுகிறதா, நடுவில் எங்காவது வளைகிறதா? கார் எங்கே இடிபட்டது, எங்கே துருப்பிடித்தது, யார் எதை மூடிவைத்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கோட்டில் தெரிந்துவிடும்.

பட்டறை இருப்பது கெமாஸில். ரயிலால் வளர்ந்த ஊர் இது. தும்பாட்டிலிருந்து வரும் கிழக்குக்கரைப் பாதை 1931-இல் முழுமையடைந்தது. அது மேற்குக்கரைப் பாதையோடு சேருவது இங்கேதான். என் அப்பா தண்டவாளப் பராமரிப்பு வேலை செய்தவர். எங்கள் ஆட்கள் ரயில் குவார்ட்டர்ஸிலும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் இருந்தார்கள். பால்மரம் போய் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. கணக்கெழுதிய கிராணியும் மருந்து கொடுத்த டிரஸரும் தோட்டப்பள்ளி வாத்தியாரும் ஓட்டிய கார்கள் மட்டும் ஏதாவதொரு கொட்டகையில் தகரத்துக்கடியில் நின்றன. இப்போது சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் சம்பாதிக்கிற பேரப்பிள்ளைகள் "தாத்தா காடி" என்று அவற்றைத் தேடி இழுத்து வருகிறார்கள். மோரிஸ் மைனர், ஆஸ்டின், டட்சன் 120ஒய், பழைய வால்வோ. 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரை ஊரே அங்கிள் என்றுதான் கூப்பிடும். சிகாமட்டில் ஒரு சீனர் பட்டறையில் பையனாகச் சேர்ந்து தகடு தட்டக் கற்றவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் மோரிஸ் மைனர் வந்தால் மட்டும் அதன் பானட்டைக் காட்டி ஒரு கதை சொல்வார். பானட்டின் நடுவில் முன்னிருந்து பின்வரை ஒரு தட்டையான பட்டை மேடாக ஓடும். 1948-இல் லண்டன் கண்காட்சிக்கு வருவதற்கு முன், அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்குக் கார் ஒடுக்கமாக இருப்பதாகப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் விலகியதும் கண்ணுக்குச் சரியாகப்பட்டது. பானட்டின் அந்தப் பட்டை அப்படிச் சேர்ந்த 4 அங்குலம்தான். பம்பர்களை ஏற்கெனவே செய்துவிட்டதால், முதலில் வந்த கார்களில் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டார்கள். "இவ்வளவு பெரிய மனுசனே கண்ணை நம்பித்தான் அளந்திருக்காரு, தம்பி. ஸ்கேல் அப்புறம்" என்பார் அங்கிள்.

நான் முழுமையாகக் கூட இருந்து செய்த முதல் கார் ஒரு மைனர்தான். 1098 சிசி எஞ்சின், இரண்டு கதவு. ஒரு தோட்ட டிரஸர் வைத்திருந்தது. ஏற்கெனவே வேறோர் ஊரில் பெயிண்ட் அடித்து, பளபளவென்றுதான் வந்தது. ஓட்டுநர் பக்கக் கதவைச் சாத்தினால் பின்பக்க மேல்மூலை தூணில் உரசும், கீழே விரல் நுழையும். பெயிண்ட் அந்த மூலையில் பொரிந்துபோயிருந்தது. அங்கிள் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே வைத்து இழுத்துக்கொண்டே போனார். பாதி தூரம் ஒட்டியது, அப்புறம் ஒட்டவில்லை. தகடு இருக்கவேண்டிய இடத்தில் பட்டிதான் இருந்தது.

இந்த மாதிரிக் கதவுக்குப் பல பட்டறைகளில் செய்யும் வைத்தியம் எனக்குத் தெரியும். கீலைத் தளர்த்தி, கதவின் பின்நுனியைத் தூக்கி, திரும்ப இறுக்குவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் உரசுகிற விளிம்பைக் கிரைண்டரால் தேய்ப்பார்கள். இரண்டுமே கதவைக் குற்றவாளியாக்குகிற வேலை. அங்கிள் கதவைத் தொடவே இல்லை. ஜாக்கியை எடுத்துவரச் சொன்னார்.

காரின் நடுவில், கதவுக்கு நேர் கீழே, ஒரு கட்டையை வைத்து ஜாக்கியை மெல்ல ஏற்றச் சொன்னார். நான் ஏற்ற ஏற்ற, மேலே ஒட்டிக்கொண்டிருந்த இடைவெளி கண்ணெதிரே திறந்தது, கீழே விரல் நுழைந்த இடம் மூடிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் கீழே உரசும். இறக்கினால் பழையபடி மேலே. கதவு அசையவே இல்லை. அதைச் சுற்றியிருந்த சட்டகம்தான் அசைந்தது. மைனருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரை, கதவுக்கடியில் முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற சில், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. சில் அரித்துப்போனால் நடு இறங்கும். நடு இறங்கினால் கதவின் வாய் மேலே ஒடுங்கும், கீழே அகலும்.

இதைக் கற்ற பிறகுதான் தோட்டத்துக் கார்களின் நோய் எனக்கு விளங்கியது. செம்மண் சாலையில் ஓடிய கார்களின் சக்கரத்துக்குள்ளிருந்து ஈரமண் அடித்து, சில்லின் முனைகளிலும் முன்சீட்டுக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டத்தின் முனைகளிலும் அப்பிக்கொள்ளும். மைனரில் அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் வந்து பூட்டியிருக்கும், ஆகவே அது உளுத்தால் ஆபத்து இரட்டிப்பு. கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்ட துளைகளை இலையும் மண்ணும் அடைத்துவிடும். நம் மழைக்கு இது போதும். வெளியே தெரிவதற்குள் உள்ளே பாதி போயிருக்கும்.

சில் மாற்றும் வேலையை இங்கே விரித்து எழுதவில்லை. வெட்டுவதும் ஒட்டுவதும் எங்கும் ஒரே மாதிரிதான். ஆனால் வெட்டுவதற்கு முன் செய்வது முக்கியம். கதவைக் கழற்றி, அதன் வாயில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புச் சட்டம் வைத்து ஒட்டிவிட வேண்டும். இல்லையென்றால் வெட்டியவுடன் கார் தன் இஷ்டத்துக்கு வளைந்துவிடும். அந்தச் சட்டத்தை ஒட்டும்போது கார் எப்படி நிற்கிறது என்பது அதைவிட முக்கியம். நடுவில் முட்டுக் கொடுத்து நிறுத்தினால் மேல் இடைவெளி பொய்யாக விரிந்திருக்கும். அதே நிலையில் புதுச் சில்லை ஒட்டிவிட்டால் அந்தப் பொய் காரில் நிரந்தரமாகிவிடும். பாரம் சக்கரங்கள் வழியாகவே இறங்கவேண்டும். அங்கிள் முன்னும் பின்னும் சக்கரங்களுக்கடியில் கனமான கட்டைகளை அடுக்கிக் காரை உயர்த்தினார். பிறகு கதவை மாட்டி இடைவெளி பார்த்துச் சரிசெய்து, கழற்றிச் சட்டம் வைத்து, இன்னொரு முறை அளந்தார். வெல்டிங்கையும் ஒரே இழுப்பாக இழுக்க விடமாட்டார். அங்கொரு பொட்டு, இங்கொரு பொட்டு, தொட்டுப் பார்த்துச் சூடு ஆறிய பிறகு அடுத்தது.

அதற்குப் பிறகுதான் கதவு. வேலை பின்னாலிருந்து முன்னால் வரவேண்டும். பின்பக்கத் தகடு உடம்போடு ஒட்டியது, நகராது. அதற்குக் கதவைப் பொருத்து. கதவுக்கு மட்கார்டைப் பொருத்து. இரண்டு மட்கார்டுக்கும் நடுவே பானட். மைனரின் மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை, தளர்த்தி நகர்த்த முடியும். முன்னாலிருந்து தொடங்குகிறவன் கடைசியில் நகர்த்த முடியாத தகட்டில் போய் முட்டுவான்.

கதவை வைக்கும்போது ரப்பரும் இருக்கக் கூடாது, பூட்டின் கொண்டியும் இருக்கக் கூடாது. கொண்டி கதவை இழுத்துப் பிடித்துச் சரியாக இருப்பதுபோல் காட்டும். ரப்பர் வெளியே தள்ளும். வெறும் கீலில் தொங்கும்போது கதவு எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் உண்மையான இடம். கீலின் ஊசி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, கதவைப் பாதி திறந்து பின்நுனியைக் கீழிருந்து தூக்கிப் பார்ப்போம். 'டொக்' என்று ஆட்டம் கண்டால் முதலில் ஊசியை மாற்றவேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

அளப்பதற்கு அங்கிள் ரப்பர் மரக்கட்டையில் சீவிய தகடுகள் வைத்திருந்தார். 3 மில்லி, 4, 5, 6 என்று நுனியில் பேனாவால் எழுதியிருக்கும். அவற்றை இடைவெளியில் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வருவேன். எங்கே இறுகுகிறது, எங்கே தொளதொளக்கிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுவேன். அந்த மைனரில் கதவின் பின்விளிம்பு முழுக்க 4 மில்லி கேட்டோம். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு 6 வந்தது. முன்னொரு காலத்தில் யாரோ அந்த விளிம்பைத் தேய்த்திருக்கிறார்கள்.

அந்த ஒரு சாணை நிரப்பிய விதத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பட்டி போட்டால் ஐந்து நிமிட வேலை. ஆனால் விளிம்பில் வைத்த பட்டி, கதவை நாலு முறை வேகமாகச் சாத்தினால் தெறித்துவிடும். கதவின் விளிம்பில் வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடிந்து இறுகியிருக்கும். அந்த மடிப்பின் முதுகில் 2 மில்லி இரும்புக் கம்பியை நீட்டி வைத்தோம். ஒரு முனையில் ஒரு பொட்டு, மறுமுனையில் ஒரு பொட்டு, பிறகு நடுவில். பக்கத்தில் ஈரத்துணி. ஒவ்வொரு பொட்டுக்கும் பிறகு கதவின் வெளித்தகட்டில் உள்ளங்கையை வைத்துச் சூடு பரவுகிறதா என்று பார்க்கவேண்டும். அகலமான தகடு சூட்டில் ஒருமுறை உப்பிவிட்டால் அதைத் தணிப்பது தனி வேலை. பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக் கம்பி முழுதும் உருகிச் சேர்ந்த பிறகு, அரம். நீள அரத்தை விளிம்புக்கு இணையாகப் பிடித்து, ஒரே திசையில். இரண்டு இழுப்பு, கதவைச் சாத்து, தகட்டை விட்டுப் பார். மறுபடி இரண்டு இழுப்பு. கிரைண்டரில் செய்தால் மடிப்பைத் தின்றுவிடும், தகடுகள் பிரிந்துகொள்ளும். ரப்பர் மரத்தகடு ஒரே பிடிமானத்தோடு மேலிருந்து கீழ்வரை வழுக்கி வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அங்கிள் அதை வாங்கித் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "பசியாறிட்டு வா" என்றார்.

இடைவெளியின் அகலம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, இரண்டு தகடும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிய துணி வழியாக விரல்களை ஓட்டிப் பார்ப்போம். தோல் நேரடியாகப் பட்டால் சொரசொரப்புதான் தெரியும், மேடுபள்ளம் தெரியாது. பிறகு பெயிண்ட் கணக்கு. பிரைமரும் மேல்பூச்சும் இரண்டு விளிம்பிலும் ஏறும். ஆகவே வெறும் இரும்பாக இருக்கும்போது அரை மில்லி கூடுதலாகவே விடுவோம். புது ரப்பரையும் பெயிண்டுக்கு முன்பே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடவேண்டும். இப்போது கிடைக்கும் ரப்பர்கள் சில பழையதைவிடத் தடிமன். கதவை வெளியே தள்ளிவிடும்.

இந்தத் தொழிலில் இப்போது ஒரு மோகம் இருக்கிறது. பழைய காருக்கும் புது ஜெர்மன் கார் மாதிரி 3 மில்லி இடைவெளி கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மைனர் கார்கள் கையால் விளிம்பு சரிசெய்து ஆக்ஸ்போர்டின் கௌலி ஆலையிலிருந்து வந்தவை. ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒரே சீராக 4 அல்லது 5 இருந்தால் அதுவே அழகு. தவிர, அந்த இடைவெளிக்கு வேலை இருக்கிறது. என் அப்பா காலத்துத் தண்டவாளத்தில் வெயிலுக்கு இரும்பு விரிய இடம் விட்டுத்தான் துண்டுகளைப் பூட்டுவார்கள். மேடுபள்ளத்தில் போகும் காரும் முறுகும். அந்த முறுக்கலுக்கு இடமில்லாவிட்டால் முதல் தோட்டச் சாலையிலேயே விளிம்பு பொரியும்.

இந்த வேலைக்குக் காசு கேட்பது சிரமம். பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கதவை மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி, கடைசியில் அது பழைய இடத்திலேயே நிற்கிற மாதிரித் தெரிந்தால் "இதுக்கா இவ்ளோ?" என்கிறார்கள். அதனால்தான் பல பட்டறைகள் பட்டியில் முடித்துவிடுகின்றன. நம் பிள்ளைகளும் ஸ்ப்ரே கற்க வருகிறார்கள், தகடு கற்க வருவதில்லை. தோட்டத்துக் கார்கள் இன்னும் கொட்டகைகளில் இருக்கின்றன. அவற்றைச் சரியாக நிமிர்த்தத் தெரிந்த கைகள்தான் குறைந்துவருகின்றன. பதினெட்டு வயதில் என்ன கற்கலாம் என்று யோசிக்கிற தம்பி தங்கைகள் இதையும் யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயிண்டைப் பார்க்குமுன் கார் தரையில் நிற்கும்போது இரண்டு பக்கக் கதவையும் திறந்து சாத்திப் பாருங்கள். பிறகு ஜாக்கி வைக்கும் இடத்தில் ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லி, அதே கதவை மெல்லத் திறந்து சாத்துங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறினாலோ, கதவு எங்காவது தட்டினாலோ, அந்தக் காருக்குச் செலவு அடியில் இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்த்து விலை பேசுங்கள். விற்கிறவர் ஜாக்கி வைக்க விடமாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.