கறுத்த பல்லுக்கு ஒரு கதையுண்டு

கன்னத்தில் மச்சம் இருந்தால் அதை அழகு என்கிறோம். முன்பல் ஒன்று கறுத்திருந்தாலோ, அதைக் குறை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது ஏன் கறுத்தது என்று கேட்பவர் அரிது.

உத்தமபாளையத்தில் எங்கள் உறவில் ஒரு பெண். சிறு வயதில் கீழே விழுந்து முன்பல்லில் அடிபட்டது. தேனியிலுள்ள பல் மருத்துவர் ஒருவர் வேர் சிகிச்சை செய்து அப்பல்லைக் காப்பாற்றினார். ஆண்டுகள் சில சென்றபின் அது மட்டும் சாம்பல் நிறமாயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள், "ஏதேனும் வியாதியா?" என்று என் காதுபடவே கேட்டார்கள். அன்றுமுதல் அவள் வாயைக் கையால் மறைத்தே பேசினாள். கரித்தூளும் உப்பும் எலுமிச்சைச் சாறும் கொண்டு தேய்த்தாள். பல் வெளுக்கவில்லை, எனாமல் தேய்ந்து கூச்சமே மிஞ்சியது.

தேநீர், வெற்றிலை, புகையிலை ஆகியவற்றின் கறை பல்லின் மேலே படிவது. குளோர்ஹெக்சிடின் கலந்த, வாய் கொப்பளிக்கும் மருந்தை நெடுநாள் பயன்படுத்தினாலும் பழுப்புக் கறை படியும். மருத்துவர் சுத்தம் செய்தால் இவை பெரும்பாலும் நீங்கும். அடிபட்ட பல்லின் கதை வேறு. உள்ளே கசிந்த இரத்தம் சிதைந்து, அதன் நிறம் எனாமலுக்கு அடியிலுள்ள பகுதியில் ஊறிவிடுகிறது. வேரை நிரப்பும் சில பசைகளும் நிறத்தை மாற்றும். 'வெள்ளி அடைப்பு' என்று நாம் சொல்வதில் ஏறக்குறைய பாதி பாதரசம். எஞ்சியது வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அதுவும் நாளடைவில் சுற்றியுள்ள பல்லைக் கருமையாக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை இவ்வடைப்பையும் குறைக்கச் சொல்கிறது. இந்தியா 2018இல் அதனை ஏற்றது.

பல்லை வெண்மையாக்கும் மருந்து பெராக்சைடு வகையைச் சார்ந்தது. நிறப்பொருளைச் சிதைத்து வெளுக்கச் செய்வது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: பல் வெளுக்கும், அடைப்பும் கேப்பும் வெளுக்கா. வெளுத்த பற்களுக்கிடையே பழைய அடைப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். உலோகக் கறையும் எளிதில் மசியாது. வேர் சிகிச்சை செய்த பல்லுக்கு மருந்தை உள்ளே வைத்து மூடி, சில நாட்களுக்கொருமுறை மாற்றுவார்கள். கடுமையான மருந்தையும் வெப்பத்தையும் பயன்படுத்தினால் வேர் அரிக்கப்படும் அபாயமுண்டு. ஆதலின் தேர்ந்த மருத்துவரையே நாடுங்கள். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் இதனைத் தள்ளிவைப்பதே நலம்.

எங்கள் பெண்ணுக்கும் அவ்வாறே மூன்று முறை மருந்து வைத்தார்கள். நிறம் முழுதும் ஒத்துவரவில்லை. எனினும் கை வாயை விட்டு இறங்கியது.

தாய்மார்களே! பிள்ளையின் பல் நிறம் மாறினால் பற்பொடியைத் தேடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். பெண் பார்க்கச் செல்லும் பெரியோர்களே! நீங்கள் குறையென்று காணும் அந்தக் கறுத்த பல், பிடுங்கி எறியாமல் ஒருவர் பாடுபட்டுக் காத்த பல்லாக இருக்கக்கூடும். பல்லின் நிறத்தைக் கொண்டு ஒரு பெண்ணின் வாழ்வை அளக்க வேண்டாம்.