ஒருவழிச் சீட்டு

எங்கள் விருதுநகரில் ஒருவர் பெட்டியும் கையுமாய் ரயிலடிக்குப் புறப்பட்டால், "எந்த ஊருக்கு?" என்று கேட்கமாட்டார்கள், "என்ன சரக்கு?" என்றுதான் கேட்பார்கள். மிளகாய் வற்றலுக்கும் உளுந்துக்கும் கடலை எண்ணெய்க்கும் விலை பேசியே வளர்ந்த ஊர் அல்லவா? வெளியூர் போனவர் ஏதேனும் கொண்டு வர வேண்டும் என்பது இங்கே எழுதாச் சட்டம். பக்கத்திலுள்ள சிவகாசிக்கு வாழ்வு வந்ததும் அவ்விதமே. 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் பிரயாணமானார்கள். அங்கே எட்டு மாத காலம் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். வானம் பார்த்த கரிசல் பூமிக்கு அது பிழைப்பாயிற்று. தீப்பெட்டியின் பின்னே பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபில் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் வந்து சேர்ந்தது.

இத்தகைய சீமையில், நானும் என் கணவரும் 2019-ஆம் ஆண்டில் ஆறு மாதம் வெளிநாடுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்ற செய்தி பரவியபோது, ஒருவருக்கும் அது விளங்கவில்லை.

"என்ன டீச்சர், சீமைக்குப் போறீகளாம்ல? என்ன யாவாரம்?" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி.

"வியாபாரம் ஒன்றும் இல்லை, அண்ணாச்சி. பார்த்துவிட்டு வரப் போகிறோம்."

"சும்மா பாக்கவா?" என்று அவர் கேட்ட தொனியில் எங்கள் மீதுள்ள பரிதாபம் முழுவதும் இருந்தது.

ஆனால் எங்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. என் கணவர் 38 வருஷம் சிவகாசியில் ஓர் ஆப்ஸெட் அச்சகத்தில் வேலை பார்த்தவர். ஆடிப் பதினெட்டன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்தால், மார்கழி பிறக்கும் வரையில் அவருக்கு உறக்கமேது? முருகன், லக்ஷ்மி, மழலைச் சிரிப்பு, இவற்றோடு ஆண்டுதோறும் தவறாமல் ஒரு பனிமலையும் அச்சாகும். ஸ்விட்ஸர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையில் நிற்கும் மேட்டர்ஹார்ன் சிகரம் அது. உயரம் 4,478 மீட்டர். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என நான்கு பிளேட்டில் அந்த மலையை லட்சக்கணக்கான தடவை ஓட்டியவர் அவர். பனியின் நிழலுக்கு எவ்வளவு நீலம் விடுவது என்பதில் அவருக்கும் முதலாளிக்கும் தீராத தகராறு. "நேரில பாத்தவுக யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்பார். சுற்றிலும் ஒருவரும் இல்லை. அந்த நீலத்தைத் தாமே பார்த்துவிடுவது என்று அவர் தீர்மானித்தார். பணி ஓய்வில் எனக்குக் கிடைத்த தொகையும் அவருடைய சேமிப்பும் கைகொடுத்தன.

இலங்கை, மலேசியா, கிரீஸ், இத்தாலி என்று மூன்று மாதம் ஒரு குறையுமின்றிக் கழிந்தது. பினாங்கில் நம் ஊர்ப் பலசரக்குக் கடை வாசனையை முகர்ந்தோம். ஏதென்ஸ் நகரில் இடிந்த தூண்களின் நிழலில் புளியோதரை உண்டோம். ரோமாபுரியிலிருந்து மிலான் வழியாக ஸ்விட்ஸர்லாந்துக்குப் போக வேண்டியதுதான் பாக்கி, டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது.

புறப்பட வேண்டிய நாள் காலை, ஜனநெரிசலில் பை என் கணவர் மார்போடு அணைந்தபடியே இருந்தது. அவருடைய இரண்டு கைகளும் அதன் மேலேயே இருந்தன. ரயிலேறி உட்கார்ந்து பார்த்தால், அடிப்பக்கம் சவரக் கத்தியால் கீறியதுபோல் ஒரே கோடாகக் கிழிந்திருந்தது. பணமும் பாங்கிக் கார்டுகளும் போயின. அவற்றோடு எங்கள் இருவருடைய பாஸ்போர்ட்டுகளும் போய்விட்டன. ரயில் நகரும் முன் இறங்கிவிட்டோம்.

பணம் போனதற்குப் பரிகாரம் உண்டு. பெங்களூரிலுள்ள மகன் அன்று மாலையே அனுப்பிவிட்டான். பாஸ்போர்ட் விஷயம் அப்படியன்று. அது நாம் கட்டணம் செலுத்தி வாங்கினாலும் நம் சொத்தல்ல. 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்தின்படி அது எந்நாளும் மத்திய சர்க்காரின் உடைமை. மேலும் போகவேண்டிய நாடுகளின் விஸாக்களெல்லாம் அந்தப் புத்தகத்திலேயே ஒட்டப்பட்டிருப்பவை. புத்தகம் போனால் அனுமதிகளும் அதனோடு போகும். புதிய பாஸ்போர்ட்டை வெளிநாட்டிலிருந்தே வாங்கலாம்தான். அதற்கு நாளாகும், அப்புறம் ஒவ்வொரு விஸாவுக்கும் முதலிலிருந்து மனுச் செய்ய வேண்டும். அவசரத்துக்கு நம் தூதரகம் தருவது 'எமர்ஜென்ஸி சர்டிபிகேட்' என்ற தாள். அது ஒருவழிச் சீட்டு; அதைக் கொண்டு தாய்நாட்டுக்குத் திரும்பலாம், வேறெங்கும் போக இயலாது.

போலீஸில் கொடுத்த புகாரின் நகலும், பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸும், புகைப்படங்களும் எடுத்துக்கொண்டு தூதரகத்துக்குச் சென்றோம். ஜெராக்ஸ் என் பெட்டியின் அடியில் தனியே இருந்ததால் பாதி வேலை குறைந்தது. (வெளிநாடு செல்லும் நேயர்கள் இதை மட்டும் மறவாதிருப்பார்களாக.) அதிகாரி பிறந்த ஊரைக் கேட்டார். "விருதுநகர்" என்றார் என் கணவர்.

"காமராஜர் ஊரா?" என்று அவர் தலை நிமிர்ந்தார்.

மூன்று நாளாகத் தாழ்ந்திருந்த எங்கள் தலைகளும் சற்றே நிமிர்ந்தன. தாள் கைக்கு வந்ததும் என் கணவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இதை வைத்துக்கொண்டு ஒரு நாள் மட்டும் ஸ்விட்ஸர்லாந்துக்குப் போய் வரலாமா, ஐயா?" அதிகாரி வருத்தத்தோடு தலையசைத்தார்.

ரோமாபுரியிலிருந்து கிழக்கே பறக்கும் விமானத்துக்கு ஆல்ப்ஸ் மலை வழியில் இல்லை. அது தெரிந்தும் அவர் ஜன்னலோர இடத்தைக் கேட்டு வாங்கி அமர்ந்தார். விளக்கணைத்த பிறகும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்தபடி வந்த எனக்கு என் அப்பத்தாவின் நினைவு வந்தது.

அப்பத்தாவும் தாத்தாவும் ரங்கூனில் இருபது வருஷத்துக்கு மேல் பலசரக்குக் கடை நடத்தியவர்கள். 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று உத்தரவு பிறந்தது. லட்சக்கணக்கான இந்தியர் வெறுங்கையோடு தாயகம் திரும்பினார்கள். துறைமுகத்தில் நகைகளைக் கழற்றி வைக்கச் சொன்னார்களாம். அப்பத்தா தாலிப் பொன்னைக் கொடுத்துவிட்டு, நூலில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு சென்னையில் வந்து இறங்கினாள். அவளுக்கும் ஒருவழிப் பயணந்தான். எங்களைக் கொள்ளையிட்டவன் முகம் தெரியாத ஒருவன்; அவர்களைக் கொள்ளையிட்டதோ ரசீது போடக்கூடிய ஒரு ராஜாங்கம். ஆனால் அப்பத்தா பர்மாவைத் திட்டி நான் கேட்டதில்லை. ஷ்வேடகோன் பகோடா மாலை வெயிலில் எப்படி மின்னும் என்றே சொல்லிக்கொண்டிருப்பாள். பொன்னைப் பறித்தவர்களால் அதைப் பறிக்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் துக்கம் விசாரிப்பதுபோல் வந்தார்கள். "எம்புட்டுப் போச்சு?" என்பதே எல்லோருடைய கேள்வியும். தொகையைச் சொன்னால் ஓர் ஆறுதல் பெருமூச்சு விட்டார்கள். தங்கள் கருத்து சரியாயிற்று என்ற திருப்தியும் அதில் கலந்திருந்தது. போகாத மூன்று மாதத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு மார்க்கெட்டில் நிலவரம் கிடையாது.

மதுரையில் புதுப் பாஸ்போர்ட் வாங்கினோம். 36 பக்கங்கள், அத்தனையும் வெள்ளை. அடுத்த ஆண்டு கொரோனா நோய் உலகத்தின் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டது. அந்நாட்களில் கொச்சி நகரத்து விஜயன்–மோகனா தம்பதியைப் பற்றி என் கணவர் அடிக்கடி பேசுவார். டீக்கடை நடத்தி, நாள்தோறும் 300 ரூபாய் ஒதுக்கி, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பிவந்து கடனை அடைத்து, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைக் கண்டவர்கள் அவர்கள். 2021-இல் ரஷ்யாவுக்குப் போய்வந்த சில வாரங்களில் விஜயன் காலமானார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்றே என் கணவர் தபாலாபீஸில் மாதச் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்கினார்.

இப்போது எங்களுக்கு வயது ஏறிவிட்டது. முழங்கால் வலியும் உண்டு. ஆறு மாதப் பயணம் இனி ஆகாது. பத்து நாள் போதும், ஒரே நாடு போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். கணக்கு முதிர இன்னும் சில தவணைகளே பாக்கி. எதிர்வீட்டு அண்ணாச்சிக்கும் விஷயம் எட்டிவிட்டது. போன வாரம் வாசலில் நின்றவர், "திரும்பவும் போறீகளா, டீச்சர்?" என்றார். இந்தத் தடவை சரக்கு என்னவென்று கேட்கவில்லை. "அந்த மலை எப்படி இருக்குன்னு வந்து சொல்லுங்க" என்றார்.