பாலத்துக்கு அப்பாலும் அழைத்துச் செல்லுங்கள்



பாடசாலை விடுமுறை தொடங்கினால் காத்தான்குடிக்கு உறவினர் வீடு தேடி வருவோர் பலர். நீங்களும் வந்திருப்பீர்கள். விருந்துச் சாப்பாடு, பிரதான வீதிக் கடைகளில் புடைவை பார்த்தல், மாலையில் கடற்கரை. மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுவீர்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், கடைகளைத்தான் சொல்வார்கள்.

அடுத்த முறை ஒரு நாளை ஒதுக்கி வையுங்கள். மட்டக்களப்பு நகரிலிருந்து காத்தான்குடி வரை ஐந்தாறு கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் பிள்ளைகள் அறிய வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன.

வெயில் ஏறுமுன் புளியந்தீவுக்குப் போய்விடுங்கள். வாவி சூழ்ந்த இந்தத் தீவுதான் பழைய நகரம். கோட்டையை 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிற்காலத்தில் கச்சேரி பல்லாண்டுகள் இதற்குள்தான் இயங்கியது. காணி உறுதிக்கும் கடிதத்துக்கும் உங்கள் வாப்பாமார் ஏறி இறங்கிய இடம் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அது வெறும் கல்லாகத் தெரியாது.

பக்கத்திலேயே பாடசாலைகள். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் இங்கு வந்து கல்விப் பணியைத் தொடங்கினார். ஓராண்டு நிறைவதற்குள் இந்த மண்ணிலேயே இறந்தும் போனார். அவர் விதைத்ததுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. பெண் பிள்ளைகளுக்கான வின்சன்ட் உயர்தரப் பாடசாலையின் வரலாறு 1820இல் தொடங்குகிறது. சற்றே கணக்குப் பாருங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வாவிக்கரையில் பெண் பிள்ளைக்குப் பாடசாலை இருந்திருக்கிறது! நம் உம்மம்மாமாரில் எத்தனை பேருக்குக் கையெழுத்து வைக்கத் தெரிந்திருந்தது என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

அடுத்தது கல்லடிப் பாலம். பழைய இரும்புப் பாலம் 1924இல் கட்டப்பட்டது. அக்கால ஆளுநர் மனிங் துரையின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம் என்றும் அழைப்பார்கள். வாகனங்களுக்கான புதிய பாலம் 2013இல் அதன் அருகே திறக்கப்பட்டது. பூரண நிலவு இரவுகளில் இங்கே தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையைக் காதோடு சேர்த்தால் இசைபோன்ற ஒலி கேட்கும் என்பார்கள். ‘பாடும் மீன்’ என்ற பெயர் வந்தது அதனால்தான். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி, தாமே அந்த ஒலியைக் கேட்டதாக எழுதி வைத்துள்ளார்.

பாலம் தாண்டினால் கல்லடி உப்போடை. அங்கே சிவானந்த வித்தியாலயம், 1929இல் சுவாமி விபுலானந்தர் உருவாக்கியது. 1947இல் மறைந்த அவருடைய சமாதியும் அங்குதான். ‘இது நமக்கு எதற்கு?’ என்று கேட்டுவிடாதீர்கள். 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார் ஏ.எம்.ஏ. அஸீஸ். அங்கே அவருக்கு வாய்த்த நண்பர்கள் இருவர்: ஒருவர் காவியுடுத்த விபுலானந்தர், மற்றவர் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கல்விக் குறைவைப் பற்றி அஸீஸ் ஆழ்ந்து சிந்தித்தது அந்த நாட்களில்தான். 1945இல் அவர் முன்னின்று உருவாக்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி, எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டு சேர்த்தது.

இனி காத்தான்குடி. மத்திய கல்லூரியையும் மீரா பாலிகாவையும் காட்டுங்கள். வெள்ளைச் சீருடையும் பர்தாவுமாகப் பாலிகா வாசலில் நிற்கும் பிள்ளைகளைக் கண்டால், அந்தக் கனவு வீண்போகவில்லை என்று புரியும். ஒழுங்கைகளுக்குள் நடக்கும்போது வீடுகளையும் கவனியுங்கள். இப்பகுதி வழக்கப்படி வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். குடியும் தாய்வழியாகவே வருகிறது. நம்மவரிடம் மட்டுமல்ல, அயலிலுள்ள தமிழ் மக்களிடமும் இதே வழக்கம்தான். மகளுக்கு வீடு கட்டியே தேய்ந்துபோன வாப்பாமாரும் காக்காமாரும் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

கடைசியாக, மீரா ஜும்ஆப் பள்ளிவாயல். தொழுகை நேரம் தவிர்த்து, நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி, இஷாத் தொழுகையில் நின்றவர்களை இங்கும் ஹுஸைனியாப் பள்ளிவாயலிலும் விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள். சிறுவர்களும் அதில் அடக்கம். குண்டு துளைத்த சுவரை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பிள்ளை கேட்கும்: “உம்மா, இது என்ன ஓட்டை?”

மறைக்காதீர்கள். ஆனால் பாதியோடு நிறுத்தியும் விடாதீர்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி, நகருக்கு வடக்கே சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்க் கிராமத்தவர் இராணுவத்தினரால் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் அங்கே நினைவுத்தூண் நிற்கிறது. நாம் காலையில் பார்த்த நகரத்தில்தான் சீயோன் தேவாலயமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, ஈஸ்டர் காலையில், ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிஞ்சுகள் அங்கே குண்டுக்கு இரையானார்கள். அன்றைய தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவன் இந்தக் காத்தான்குடியைச் சேர்ந்தவன். இதைச் சொல்ல நாக் கூசுகிறது. ஆனாலும் நம் பிள்ளைகள் இதை நம் வாயால்தான் கேட்க வேண்டும். வேறெவரும் வேறு விதமாகச் சொல்வதற்கு முன்.

பள்ளிவாயல் சுவரை மட்டும் பார்த்த பிள்ளை கோபத்தோடு வளரும். எதையுமே பார்க்காத பிள்ளை, யார் எதைச் சொன்னாலும் நம்பும். ஓல்டின் பாடசாலையையும் விபுலானந்தரின் சமாதியையும் அந்தச் சுவரையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளைக்கு, அயலவரை ஒரே சொல்லில் எடைபோட முடியாது.

சகோதரிகளே, அந்த ஒரு நாளைக்குப் பெரிய செலவில்லை. பஸ் காசும் ஒரு போத்தல் தண்ணீரும் போதும். மாலையில் கல்லடிப் பாலத்தில் சிறிது நேரம் நில்லுங்கள். தமிழ்த் தாயொருத்தி தன் பிள்ளையின் கையைப் பிடித்து அருகே நிற்கக் கூடும். அவளுடன் இரண்டு வார்த்தை பேசுங்கள். உங்கள் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.