பூச்சியமும் ஒரு பெறுபேறுதான்

இப்போதைய லெப் ரிப்போட்டில் மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் ஆளுக்கு வருத்தம், இல்லாவிட்டால் சுகம். இயந்திரம் அப்படிச் சொல்கிறது, அதை இயக்குகிற பிள்ளைகளும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். ஆறு கிழமைக்கு மேலாகத் தடிப்பு எழும்பி, கடித்து, ஒரு நாளைக்குள் அடங்கி, வேறிடத்தில் திரும்ப எழும்புகிற காணாக்கடிக்காரருக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு நோயின் அடையாளம் குறைந்த எண்ணில்தான் கிடக்கிறது.

லெப்பில் வேலை செய்து பென்சன் எடுத்துப் பெரியநீலாவணையில் வீட்டோடு இருப்பவனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கலாம். மருதமுனையிலிருந்து மருமகள் முறையான ஒரு பிள்ளை ஒரு ரிப்போட்டைக் கொண்டுவந்து நீட்டியதால் எழுதுகிறேன். தனியார் இடமொன்றில் எடுத்த அலர்ஜி பனல். இறால், நண்டு, கணவாய், சூரை, முட்டை, பசுப்பால் என்று பக்கம் பக்கமாக, எல்லாம் நெகட்டிவ்.

“மாமா, எல்லாம் நல்லமெண்டுதான் போட்டிருக்கு. அப்ப ஏன் மேலெல்லாம் கடிக்குது?”

நியாயமான கேள்வி. பதிலின் பாதி அந்தத் தாள்களிலேயே இருந்தது. அலர்ஜிப் பிறபொருளெதிரியான ஐ.ஜி.ஈ.யின் மொத்தம் ஒற்றை இலக்கம், பக்கத்தில் ‘100க்குக் கீழ் நோர்மல்’. இயோசினோஃபில் என்ற வெள்ளைக் கலம் 0.01, பக்கத்தில் ‘0 முதல் 0.5’. கீழெல்லையைப் பூச்சியம் என்று அச்சடித்துவிட்டால் கீழ்நோக்கிய அம்பு எந்தக் காலத்திலும் விழாது. இதற்கிடையில் அவள் கிரந்தி என்று மீனை விட்டு மாதக்கணக்கு. கடற்கரையில் பிறந்த பிள்ளை பருப்பும் கீரையும் தின்று மெலிந்துபோயிருந்தாள்.

மீனுக்கும் அலர்ஜித் துறைக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. 1921இல் ப்ரெஸ்லாவில் மீன் ஒத்துக்கொள்ளாத கூஸ்ட்னரின் சீரத்தை ப்ராவுஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஏற்றி, மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைக் குத்தினார். தடித்தது. குற்றவாளி சீரத்துக்குள் இருக்கிறது என்று அன்று தெரிந்தது, அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர் விழ 1960களின் பிற்பகுதி ஆயிற்று. நான் முதலில் சொன்ன அந்த ஒரு பகுதிக் காணாக்கடிக்காரரிடம் கதை வேறு. அங்கே மீனும் இல்லை, இறாலும் இல்லை. தோலில் ஹிஸ்டமினை விடுகிற மாஸ்ட் கலத்தின் மேலுள்ள ஐ.ஜி.ஈ. வாங்கியையே தாக்குகிற ஐ.ஜி.ஜி. பிறபொருளெதிரியை உடம்பே செய்துகொள்கிறது. கிரீவ்ஸ் குழுவினர் அதை 1993இல் எழுதினார்கள். தைரொயிட் பிறபொருளெதிரி உள்ளவர்களிடம் நாட்பட்ட தடிப்புக் கூடுதலாக இருப்பதை மொன்றியலில் லெஸ்னொஃப் அதற்குப் பத்து வருடம் முன்பே கவனித்திருந்தார். ஆகவே ரி.பி.ஓ. என்ற தைரொயிட் பிறபொருளெதிரி ஏறியும் மொத்த ஐ.ஜி.ஈ. இறங்கியும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இயோசினோஃபிலும் இன்னொரு வெள்ளைக் கலமான பேசோஃபிலும் குறைவது அவை தோலுக்குள் இறங்கிவிடுவதால் என்று கருதுகிறார்கள். சர்வதேச வழிகாட்டி எல்லோருக்கும் கேட்பது வகைக்கணக்கோடு முழு இரத்தக் கல எண்ணிக்கையும் (எஃப்.பி.சி.), ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி.யும், விசேட கிளினிக்கில் மொத்த ஐ.ஜி.ஈ.யும் ரி.பி.ஓ.வும். அவ்வளவுதான். பக்கம் பக்கமான மீன் பட்டியலை அது கேட்கவில்லை.

இந்தக் கலங்களை எண்ண எனக்குக் கற்றுத்தந்தவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துப் பயிற்சிப் பள்ளியில் ஒரு சேர். சிங்களவர். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் ஒன்றே ஒன்று: “திரும்ப!” லீஷ்மன் சாயமிட்ட இரத்தப் பூச்சில் நூறு கலம் எண்ணி, பேசோஃபில் பூச்சியம் என்று எழுதிக் கொடுத்தால் சிவப்புப் பேனையால் வெட்டுவார். “நூறில் பூச்சியம் என்றால் ஆயிரத்தில் முப்பது இருந்தாலும் இருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும்?” பிறகு அந்தச் சொல். நாங்கள் ஐந்நூறு வரை எண்ணுவோம். கண் கலங்கும். கன்டீன் மூடியிருக்கும். அவர் நுணுக்குக்காட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருப்பார்.

இயோசினோஃபிலுக்குப் பூச்சே வேண்டாம் என்பார். டஞ்சர் கரைசலும் ஃபுக்ஸ் ரோசந்தால் எண்ணும் அறையும் போதும். கணக்கு இப்படி: ஒரு மைக்ரோலீற்றரில் வெள்ளைக் கலம் 6000 உள்ளவரிடம் இயோசினோஃபில் 50 என்றால் நூறில் ஒன்றுகூட வராது; பூச்சில் ஒரு கலம் தட்டுப்படுவதும் தட்டுப்படாததும் அதிர்ஷ்டம். அறையின் கொள்ளளவு 3.2 மைக்ரோலீற்றர். இரத்தத்தைப் பத்தில் ஒன்றாக ஐதாக்கினால் அறை முழுக்கத் தேடியும் 16 கலம்தான். அதில் நாலு கூடலாம், நாலு குறையலாம். ஆகவே ஓர் அறை போதாது, திரும்ப. அவருடைய காலத்தில் தோர்ன் சோதனைக்காக அண்ணீரகச் சுரப்பி நோயாளரின் இயோசினோஃபில் எவ்வளவு விழுகிறதென்று எண்ணினார்கள். விழுந்த எண்ணுக்கு மதிப்பு இருந்த காலம் அது. இயோசினோஃபில் 50க்குக் கீழே (இப்போதைய தாளில் அது 0.05) போகிற நாட்பட்ட தடிப்புக்காரருக்கு நோய் கடுமையாகவும் மருந்துக்கு அடங்காமலும் இருப்பதாக 2020இல் ஓர் ஆய்வு வந்தபோது நான் அவரைத்தான் நினைத்தேன்.

இயந்திரத்தை நான் பழிக்கவில்லை. அது ஆயிரக்கணக்கில் எண்ணுகிறது; இயோசினோஃபிலில் என் கண்ணைவிட அது திறம். பேசோஃபிலில் அதை நம்ப முடியாது, அங்கே பூச்சு வேண்டும். என் கோபம், தாளை வெளியே விடுமுன் அதில் என்ன இருக்கிறதென்று வாசிக்காதவர்கள் மீது. “சேர், கையால எண்ணுற காலம் போயிட்டு” என்று ஒரு பெடியன் என் முகத்துக்கு நேரே சொன்னான். போகட்டும். வாசிக்கிற காலமும் போய்விட்டதா?

எண்ணிக்கையைத் தவிர இன்னொரு வழியும் உண்டு: நோயாளியின் சொந்தச் சீரத்தையே தோலுக்குள் குத்துகிற சோதனை. அதை கிராட்டன் 1986இல் பிரிஸ்டலில் அறிமுகப்படுத்தினார். ப்ராவுஸ்னிட்ஸ் மற்றவரின் சீரத்தில் பார்த்ததை இதில் நோயாளி தன் சீரத்திலேயே பார்க்கிறார். 0.05 மில்லிலீற்றர் சீரம், பக்கத்தில் சேலைன், ஹிஸ்டமின். 30 நிமிடத்தில் அளவு. சீரத் தடிப்பு சிவந்து, சேலைனைவிட 1.5 மில்லிமீற்றர் பெரிதாக இருந்தால் பொசிட்டிவ். குத்துவது வைத்தியர், சீரம் பிரிப்பது நாங்கள். கிருமி புகக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு நோயாளியின் ரியூப்தான் மேசையில் இருக்கவேண்டும், ஏனென்றால் லேபல் மாறினால் ஒருவரின் மஞ்சட்காமாலை இன்னொருவரின் கைக்குள் போகும். முந்திய நாள் தடித்த இடத்தில் குத்தக்கூடாது. பிரிட்டோனோ செற்றிரிசினோ குடித்துவிட்டு வந்தால் ஹிஸ்டமின்கூட எழும்பாது. இத்தனை ஒழுங்கும் பார்த்தாலும் சுகதேகிகள் சிலருக்கும் பொசிட்டிவ் வரும். வேறொருவரின் பேசோஃபிலோடு சீரத்தைச் சேர்த்துப் பார்க்கும் சோதனைக்கு ஃப்ளோ சைட்டோமீட்டர் வேண்டும். நான் வேலை செய்த லெப் எதிலும் அது இருந்ததில்லை. இந்த இரண்டோடு பிறபொருளெதிரியை நேரே அளக்கும் சோதனையும் சேர்த்து மூன்றும் பொசிட்டிவ் ஆனவர்கள் நாட்பட்ட தடிப்புக்காரரில் நூற்றுக்கு 8 பேர்தான் என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

எண் குறைய வேறு காரணமும் உண்டு. பிரட்னிசொலோன் இயோசினோஃபிலையும் பேசோஃபிலையும் ஒரேயடியாக இறக்கிவிடும். மருமகளிடம் கேட்டேன், டிஸ்பென்சரியில் பெயரில்லாமல் கடதாசியில் சுற்றிக் கொடுத்த வெள்ளைக் குளிசை குடித்துக்கொண்டிருந்தாள். அது என்னவென்று தெரியாமல் அந்த 0.01க்குப் பொருள் சொல்ல நான் மறுத்துவிட்டேன். தோல் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன், தானாகக் குளிசையை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னேன். முடி வளரக் குடிக்கிற பயோட்டின் இன்னும் பொல்லாதது: சில இயந்திரங்களில், சில கிற்களில் ரி.பி.ஓ.வைப் பொய்யாக ஏற்றி, ஐ.ஜி.ஈ.யைப் பொய்யாக இறக்கும். இந்த நோயின் அச்சு அசல் வேஷம்! மறுபக்கம், வயிற்றில் புழு இருந்தால் ஐ.ஜி.ஈ. ஏறி உண்மையை மறைக்கும். ஐ.ஜி.ஈ. 40க்குக் கீழே என்றால் குறைவு என்று ஐரோப்பாவில் போட்ட கோட்டை நம் பிள்ளைகளுக்கு அப்படியே போட எனக்குத் தயக்கம்.

லெப்பில் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு: சதவீதத்தோடு நிற்காமல் முழு எண்ணிக்கையை எழுதுங்கள், இயோசினோஃபில் 50க்குக் கீழே என்றால் ஒரு வரிக் குறிப்புப் போடுங்கள். காணாக்கடிக்காரருக்கு: பரிசோதனைக்கு வரும்போது குடிக்கிற குளிசை அத்தனையையும் பையோடு கொண்டு வாருங்கள், பெயரில்லாததை முதலில் காட்டுங்கள். மீனை விடுவதா வேண்டாமா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.