வெள்ளியங்கிரி: ஆறாவது மலையின் விளிம்பு வரை

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, தெருமுனை மாவு மில் தராசில் என் பையைத் தூக்கி வைத்தேன். 11 கிலோ காட்டியது. மில்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மலைக்குப் போறீங்களா, வீடு மாத்துறீங்களா?" என்றார்.

வெள்ளியங்கிரிக்குப் போவது எனக்கு அதுதான் முதல் முறை. கோவைக்கு மேற்கே பூண்டி கோயிலில் தொடங்கி ஏழு மலைகளைத் தாண்ட வேண்டும். சுமார் 6,000 அடி உயரத்தில், ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் பெரும்பாறைகளுக்கு நடுவே சுயம்பு லிங்கமாக இருக்கிறார் ஈசன். "ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டர்தான்" என்று சொல்வார்கள். அந்தத் 'தான்' இருக்கிறதே, அதை மட்டும் நம்பாதீர்கள்! பிப்ரவரியில் இருந்து மே வரை ஏற அனுமதி உண்டு. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலானவர்கள் இரவில் ஏறி, விடியும்போது உச்சியில் நிற்பார்கள். நாங்களும் அப்படித்தான் திட்டம் போட்டோம். நான், அக்கா வீட்டுக்காரர், அவர்கள் மகன் என மூன்று பேர். மச்சானுக்கு வயது 57. மாப்பிள்ளை கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

பையைப் பிரித்துக் கொட்டினேன். போர்வை, இரண்டு செட் உடுப்பு, பெரிய டார்ச், பூஜை சாமான், இரண்டு பாக்கெட் பிஸ்கட், எல்லாவற்றுக்கும் மேலாக அக்கா கொடுத்திருந்த நாலு அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். சோறு வைக்காமலே அது ஒன்றரைக் கிலோ! அக்காவிடம் சொன்னால் மனசு கோணும். இருந்தாலும் சொன்னேன். இரண்டு நாழிகை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, வாழையிலையை வாட்டி எடுத்துப் பொட்டலம் கட்ட உட்கார்ந்தாள்.

மலைக்கு எடுத்துப்போகும் கட்டுச்சோறு ஒரு தனிக் கலை. புளியோதரையில் நல்லெண்ணெய் தாராளமாக இருக்க வேண்டும். புளிக்காய்ச்சல் நன்றாகச் சுண்டியிருந்தால் மறுநாள் மதியம் வரை கெடாது. தயிர்சாதத்தில் பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் விட்டால் மலை ஏறுவதற்குள் தானாகவே உறைந்து பதமாகிவிடும். இட்லிக்குப் பொடியும் எண்ணெயும் தடவியிருந்தால் போதும். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டவே வேண்டாம். பிஸ்கட் தாகத்தைக் கிளப்பும். அதற்குக் கடலை மிட்டாயும் பேரீச்சையும் எவ்வளவோ தேவலை.

மாப்பிள்ளை ஆன்லைனில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கேஸ் அடுப்பு வாங்கி வைத்திருந்தான். "மேல போயி சூடா நூடுல்ஸ் போடலாம் மாமா!" அதை நான்தான் வீட்டிலேயே வைக்கச் சொன்னேன். ஏற அனுமதிக்கும் அந்த நாலு மாதமும் மேல்மலைப் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும். காற்றோ நிற்காமல் வீசும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கியது அப்படிப்பட்ட காய்ந்த காட்டில் பற்றிய தீதான். ஒரு தட்டு நூடுல்ஸுக்காக அந்தப் புல் நடுவே நெருப்பு மூட்ட என் மனம் ஒப்பவில்லை. பையன் முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வைத்தான்.

கடைசியில் என் பை ஐந்து கிலோவுக்கு வந்தது. அதில் பாதி தண்ணீர்.

அடிவாரத்தில் பையைச் சோதித்து, தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். நல்ல ஏற்பாடு. இருதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் மூங்கில் கம்புக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷமா பிரஷர் மாத்திரை போட்டுட்டுதான இருக்கேன், அதெல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு" என்றார். அங்கேயே நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

முதல் மலை முழுக்கப் படிகள். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது அரையடி. வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள் பாதிப் பேர் திரும்பிவிடலாமா என்று யோசிப்பார்கள். மூங்கில் கம்பின் அருமை அங்கேதான் புரியும். செல்போன் வெளிச்சத்தை நம்பி வந்தவர்கள் ஒரு கையில் போன், ஒரு கையில் கம்பு என்று தடுமாறினார்கள். தலையில் மாட்டும் விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு கையும் உங்களுக்கே மிச்சம். இரண்டாவது மலையில் பாம்பாட்டிச் சுனை, மூன்றாவதில் கைதட்டிச் சுனை. தண்ணீர் பிடித்துக்கொண்டோம். நாலாவதில் படிகள் குறைந்து மண்பாதை வந்தது. ஐந்தாவதில் பீமன் களியுருண்டை என்று சொல்லும் உருண்டைப் பாறை. அங்கே காற்று வேறு மாதிரி. வியர்வையில் நனைந்த பனியனோடு நின்றால் பல் கிட்டிப்போகிறது. போர்வையை விட உதவியது, பாலிதீன் பையில் நனையாமல் சுற்றி வைத்திருந்த இன்னொரு பனியன்தான்.

ஆறாவது மலையில் பாதை கீழே இறங்கி ஆண்டிச் சுனைக்குப் போகிறது. அதன் விளிம்பில் மச்சான் உட்கார்ந்துவிட்டார். மணி நாலேகால். "புளியோதரை சேரல போல, நெஞ்சைக் கரிக்குது" என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது. இடது தோளை வலது கையால் பிடித்திருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

மாப்பிள்ளைக்கு வேண்டுதல் இருந்தது. எதிரே, ஏழாவது மலையில் டார்ச் வெளிச்சங்கள் சரம் சரமாக ஏறிக்கொண்டிருப்பது தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு மலை. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால், சுனைக்கு இறங்கிவிட்டால் திரும்பி வர அந்த இறக்கத்தை மறுபடி ஏற வேண்டும். அவரை அங்கே இறக்கவும் முடியாது, தனியே விடவும் முடியாது. "போகல" என்றேன். பையன் ஒன்றும் பேசாமல் சற்றுத் தள்ளிப்போய் நின்றான். அழுதான் என்று நினைக்கிறேன்.

சற்று முன்னால் தாண்டி வந்த சுக்குக் காபிக் கடைக்காரரிடம் அவனை அனுப்பினோம். அவர் யாருக்கோ போன் போட்டார், சிக்னல் கிடைக்கவே நாலைந்து முயற்சி. "நடக்க மட்டும் விடாதீங்க சார்" என்று தன் கம்பளியைக் கொடுத்தனுப்பினார். டோலி தூக்குபவர்கள் வந்து சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. கம்பில் துணி கட்டி, நாலு பேர் தோள் கொடுத்து, அவ்வளவு படிகளிலும் ஒரு குலுக்கல் இல்லாமல் அவரை இறக்கினார்கள். வெறும் பையோடு பின்னால் வந்த எனக்கு மூன்றாவது மலையிலேயே முழங்கால் கழன்றுவிட்டது. ஷூவுக்குள் கட்டைவிரல் முட்டி முட்டி நகம் கறுத்துப்போனது. கிளம்பும் முன் நகம் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அடிவார மருத்துவ முகாமில் பார்த்துவிட்டு உடனே கோவைக்கு அனுப்பினார்கள். ஒரு அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு மாதமாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதை மச்சான் வீட்டில் மறைத்திருக்கிறார். சொன்னால் போக விடமாட்டார்களாம். அக்கா என்னோடு பத்து நாள் பேசவில்லை. "பெரியவங்கள கூட்டிட்டுப் போறவன் முன்னாடியே ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்ல மாட்டியா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாற்பதைத் தாண்டிய யார் வெள்ளியங்கிரி பற்றி என்னிடம் கேட்டாலும், ஷூவுக்கும் பைக்கும் முன்னால் அதைத்தான் சொல்கிறேன். பிறகு, ஒரு மாதம் மருதமலைப் படிகளில் ஏறி இறங்கிப் பழகச் சொல்கிறேன்.

இந்த வருடம் மாப்பிள்ளை நண்பர்களோடு போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தான். போகும்போது கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த அப்பாவின் மூங்கில் கம்பையே எடுத்துப் போனான். திரும்பி வந்ததும் ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டிலை மச்சானிடம் நீட்டினான். ஆண்டிச் சுனைத் தண்ணீர். மச்சான் மூடியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார்.

"மேல ரொம்ப சில்லுன்னு இருந்திருக்குமே?"

"ஆமாப்பா. கை விறைச்சிருச்சு."

மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார்.